கதை எங்கோ இடிக்கிறதா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

எழுதி முடித்த கதையைத் திரும்பப் படிக்கும்போது ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிடும். என்ன சரியில்லை என்பதுதான் தெரியாது. அந்த நேரத்தில் பலரும் முதல் வரியில் தொடங்கிச் சொற்களை மாற்றிக்கொண்டே வருவார்கள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் களைத்துப்போவார்கள். கதையோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வழிமுறையை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கதையில் எது உறுத்துகிறதோ, அந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உறுத்தும் இடமும் பிழை உள்ள இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. முடிவு ஒட்டவில்லை என்று தோன்றும். நடுவில் ஒரு காட்சி விடுபட்டிருக்கும். உரையாடல் செயற்கையாக ஒலிக்கும். இரண்டு பக்கம் முன்னால் சொல்லாமல் விட்ட செய்தியைப் பாத்திரத்தின் வாயில் திணித்திருப்போம். ஆகவே எந்த இடத்தில் கைவைப்பதற்கு முன்பும் சில பக்கங்கள் பின்னால் போய்ப் பாருங்கள். திருத்தக் கற்பது என்று நான் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான்.

தொடங்கும் முன்

கதையின் நகல் ஒன்றை அன்றைய தேதியோடு தனியாகச் சேமியுங்கள். எதை வெட்டினாலும் திரும்ப எடுக்கலாம் என்ற தைரியம் இருந்தால்தான் கை துணிந்து வெட்டும்.

எழுதிய சூடு ஆறட்டும். சிறுகதைக்குச் சில வாரம், நாவலுக்கு அதைவிட அதிகம் என்பது என் கணக்கு. காத்திருக்க முடியாது என்றால் கதையின் தோற்றத்தையாவது மாற்றுங்கள்: எழுத்துரு, எழுத்தின் அளவு, பக்கத்தின் அகலம். தாளில் அச்சடித்தால் இன்னும் நல்லது. வழக்கமான இடத்தில் வரி முடியாதபோது கண் விழித்துக்கொள்கிறது.

முதல் வாசிப்பில் எதையும் திருத்தாதீர்கள். ஓரத்தில் குறி மட்டும் போடுங்கள். சலித்த இடத்தில் ஒரு குறி, குழம்பிய இடத்தில் வேறொன்று, நம்ப முடியாத இடத்தில் மற்றொன்று. காரணம் எழுத வேண்டாம். இரண்டாம் வாசிப்பை வாய்விட்டுப் படியுங்கள். கூச்சமாக இருந்தால் கைப்பேசியின் உரை வாசிப்பு வசதியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது எந்த உணர்ச்சியும் சேர்க்காமல் படிக்கும் என்பதால், வாக்கியத்தில் இல்லாத உணர்ச்சியை நாமாகச் சேர்த்துப் படித்துக்கொள்ளும் ஏமாற்று அங்கே நடக்காது.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கதையமைப்பு, பிறகு காட்சி, அதன்பின் பத்தி, வாக்கியம், கடைசியாக எழுத்துப்பிழையும் ஒற்றும். இந்த வரிசை புரண்டால், வெட்டப்பட வேண்டிய பத்தியை மெருகேற்றி வைத்திருப்போம். மெருகேற்றிய பிறகு அதை வெட்ட மனம் வராது.

உதாரணங்களுக்காகச் சின்னக் கதை ஒன்றை வைத்துக்கொள்வோம். பெற்றோர் இறந்தபின் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்க அண்ணன் சுந்தரம் ஏற்பாடு செய்திருக்கிறான். தங்கை மாலதி பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறாள். கடைசியில் போடாமல் போய்விடுகிறாள். அவ்வளவுதான்.

அறிகுறி: தொடக்கம் நகரவில்லை

மாலதி பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து மரங்களைப் பார்க்கிறாள், வானத்தைப் பார்க்கிறாள், சிறுவயதை நினைக்கிறாள். இப்படி ஒன்றரைப் பக்கம். இது எழுதுபவர் கதைக்குள் நுழைவதற்காகத் தனக்கே சொல்லிக்கொண்டது. எழுதும்போது தேவைப்பட்டது, வாசகருக்குத் தேவைப்படாது.

சோதனை எளிது. திரும்பப் பெற முடியாத ஒரு சொல்லோ செயலோ கதையில் முதன்முதலாக எங்கே வருகிறது என்று தேடுங்கள். நம் கதையில் சுந்தரம் பத்திரத்தை மேசைமேல் வைக்கும் இடம் அது. அதற்குச் சற்று முன்னால் கதையைத் தொடங்கிப் பாருங்கள். வெட்டிய பகுதியில் இருந்த செய்திகளை எங்கே வைப்பது என்ற கவலை வரும். பெரும்பாலானவற்றை எங்குமே வைக்க வேண்டியிருக்காது. மீதியை, வாசகர் ‘ஏன்?’ என்று கேட்கும் இடம் வந்ததும் ஓரிரு வரியில் வைத்துவிடலாம்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. விறுவிறுப்பு வேண்டும் என்று முதல் வரியிலேயே அலறலும் ரத்தமும் வைத்துவிட்டு, யார், எங்கே என்பதை இரண்டு பக்கம் மறைப்பது. யாரென்றே தெரியாதவருக்கு நேரும் ஆபத்தில் வாசகருக்குப் பதற்றம் வராது. முதல் பத்தி முடிவதற்குள் ஆள் யார், எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிட வேண்டும்.

அறிகுறி: நடுவில் தொய்கிறது

திருத்த வேலையில் மிகக் கடினமானதும் அதிகப் பயன் தருவதும் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

கதையை மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் காட்சிக்கு ஒரு வரியாக எழுதுங்கள். அந்தக் காட்சியில் நடப்பது என்ன, அது முடியும்போது முன்பிருந்த நிலையில் எது மாறியிருக்கிறது என்ற இரண்டு மட்டும் போதும். அழகான வர்ணனை, நல்ல வரி எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது. நம் கதைக்கு அது இப்படி வரும்:

மாலதி பேருந்தில் வருகிறாள். மாற்றம்: இல்லை.
அண்ணியுடன் பேசிக்கொண்டிருக்கிறாள். மாற்றம்: இல்லை.
சுந்தரம் பத்திரத்தைக் காட்டுகிறான். மாற்றம்: இன்றே கையெழுத்து வேண்டும் என்று தெரிகிறது.
மாலதி பழைய வீட்டைப் பார்க்கப் போகிறாள். மாற்றம்: ?
கையெழுத்துப் போடாமல் போகிறாள்.

முதல் இரண்டு வரிகளும் தொய்வுக்குக் காரணம் என்று உடனே தெரிகிறது. எதுவும் மாறாத காட்சிகள் அவை. அவற்றை நீக்கலாம், அல்லது மூன்றாவதோடு சேர்க்கலாம். அண்ணியோடு நடக்கும் பேச்சை வெட்ட மனமில்லை என்றால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள்: முன்பணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்பதை அண்ணி வாய்தவறிச் சொல்லிவிடட்டும். இப்போது சுந்தரம் பத்திரத்தோடு வரும்போது மாலதி ஏற்கெனவே ஒன்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரே வரியில் இரண்டு காட்சிகளுக்கு உயிர் வந்துவிட்டது.

அடுத்து, காட்சிகளுக்கு இடையே ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘அப்புறம்’ என்ற சொல் மட்டுமே பொருந்துகிறது என்றால் அந்த இரண்டும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன, அவ்வளவே. ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ பொருந்தினால் ஒன்று மற்றொன்றைத் தள்ளுகிறது. தொய்வுள்ள கதைகளில் தொடர்ந்து மூன்று நான்கு ‘அப்புறம்’ வரும். எல்லாக் கதையும் இந்தச் சங்கிலியில் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனநிலையை மெல்லக் கட்டி எழுப்பும் கதைகளும் உண்டு. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு காட்சியும் அந்த மனநிலையை முன்பிருந்ததைவிட ஒரு படி ஆழமாக்க வேண்டும். அதே படியில் நின்று சுற்றினால் வாசகருக்குக் கால் வலிக்கும்.

இப்போது அந்தக் கேள்விக்குறி. பழைய வீட்டில் மாலதிக்கு என்ன நேர்ந்தது? எழுதியவரைக் கேட்டால், “பழைய நினைவுகள் வந்தன” என்பார். நினைவு வந்தது மாற்றம் ஆகாது. கையெழுத்துப் போடத்தான் வந்தாள், இப்போது போட மாட்டாள் என்றால், நடுவே ஏதோ நடந்திருக்க வேண்டும். அது எழுதப்படவில்லை. எழுதக் கடினமாக இருந்ததால், வர்ணனையால் அந்த இடத்தை மூடிவிட்டுக் கடந்திருப்பார். அனேகமாக எல்லா வரைவிலும் இப்படி எழுத்தாளர் தவிர்த்துவிட்டுப் போன காட்சி ஒன்று இருக்கும். கதையில் ஏதோ கூட என்று தோன்றும்போது ஏதோ குறைகிறதா என்றும் பாருங்கள். தொய்வுக்கு மருந்தாக வெட்டுவதை எல்லோரும் சொல்வார்கள். பல சமயம் மருந்து, அந்த ஒரு காட்சியை உட்கார்ந்து எழுதுவது.

நன்னூலின் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. இலக்கணம் போன்ற நூல்களுக்காகச் சொன்னதுதான் என்றாலும், கதையின் நடுப்பகுதியைச் சோதிக்க அவற்றில் மூன்றை நான் தாளின் தலையிலேயே எழுதிவைப்பதுண்டு: குன்றக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல். முதலாவது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. அதைத்தான் மேலே பார்த்தோம். இரண்டாவது, கதைகளில் மாறுவேடம் போட்டு வரும். சுந்தரம் கறாரானவன் என்பதை அவன் செய்கை ஒருமுறை காட்டும். பிறகு மாலதி அதை மனத்துக்குள் நினைப்பாள். பிறகு அண்ணி அதையே சொல்வாள். மூன்றில் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். வலுவானது பெரும்பாலும் செய்கைதான். மூன்றாவது, தேடித் தேடிச் சேகரித்த தகவல்களை விட மனமில்லாமல் கொட்டுவது. பத்திரப் பதிவு நடைமுறை முழுவதையும் தெரிந்துகொண்டோம் என்பதற்காக அது கதைக்குள் வர வேண்டியதில்லை. வெட்டும் பத்திகளுக்கென்று தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். பிரிவதற்கு அது உதவும். அங்கிருந்து எதையும் திரும்ப எடுத்தவர்கள் குறைவு.

அறிகுறி: முடிவு ஒட்டவில்லை

முதலில் கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படியுங்கள். கதை அதற்கு முன்பே முடிந்திருந்தால், மறைத்ததை அழித்துவிடுங்கள். கதையின் பொருளைக் கதாசிரியரே விளக்கும் பத்தி அது. ‘வீடு என்பது வெறும் சுவர்கள் அல்ல என்பது மாலதிக்குப் புரிந்தது’ என்பது போல ஏதாவது இருக்கும். வாசகர் ஏற்கெனவே உணர்ந்ததை வாக்கியமாக்கினால் அது சுருங்கிப்போகும்.

அழித்தும் சரியாகவில்லை என்றால் கோளாறு முடிவில் இல்லை. முன்னால் போட்ட பட்டியலுக்குத் திரும்புங்கள். மாலதியின் மறுப்பு திடீரென்று வந்ததாகத் தோன்றினால், அதற்கான விதை எங்கே விழுந்தது? அண்ணி வாய்தவறிச் சொன்னது ஒரு விதை. பழைய வீட்டைப் பார்க்க மாலதி சாவியைக் கேட்டது இன்னொன்று. விதைகள் இருந்தும் முளைக்கவில்லை என்றால் அவை வாசகர் கண்ணில் படவில்லை என்று பொருள். அந்த வரியைப் பத்தியின் நடுவிலிருந்து பத்தியின் கடைசிக்கு மாற்றிப் பாருங்கள். பத்தியின் இறுதி வாக்கியம் மனத்தில் தங்கும், நடு வாக்கியம் ஓடிவிடும். விதையை ஒளிக்க வேண்டும் என்றாலும் இதே உத்திதான், திசை மட்டும் எதிர்.

விபத்து, தற்கொலை, ‘எல்லாம் கனவு’ என்பவற்றில் உங்கள் கதை முடிந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரம் உயிரோடு மறுநாள் காலையில் எழுந்திருந்தால் என்ன செய்திருக்கும்? அந்தப் பதிலை எழுதுவது கடினம் என்பதால் மரணத்தைக் கூப்பிட்டோமா? ஆம் என்றால், எழுத வேண்டியது அந்த மறுநாள் காலை.

அறிகுறி: எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்

பேசுபவர் பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்றால் பிழை இருக்கிறது. ஆனால் உடனே ஆளுக்கொரு வட்டார வழக்கையோ, வாய்க்கு வாய் திரும்பச் சொல்லும் ஒரு சொல்லையோ ஒட்டிவிடாதீர்கள். குரல் வேறுபடுவது தேவை வேறுபடும்போதுதான். இந்தப் பேச்சில் சுந்தரத்துக்கு என்ன வேண்டும், மாலதிக்கு என்ன வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கமான கோளாறு, இருவருக்கும் தெரிந்ததை வாசகருக்காக ஒருவர் மற்றவரிடம் சொல்வது:

“அண்ணா, அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அன்றிலிருந்து வீடு பூட்டியே கிடக்கிறது. அதை விற்க நீ முடிவெடுத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.”

தங்கை அண்ணனிடம் இப்படிப் பேச மாட்டாள். ஆளுக்கு என்ன வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு எழுதினால்:

“சாவி யார்கிட்ட இருக்கு?”
“எங்கிட்டதான். ஏன்?”
“ஒரு தடவை உள்ளே போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”
“பாக்க என்ன இருக்கு? மூணு வருஷமா பூட்டிக் கெடக்கு.”
“அதான் பாக்கணுங்கறேன்.”

மூன்று வருடம், பூட்டிய வீடு இரண்டும் வந்துவிட்டன. வருத்தம் என்ற சொல் வரவில்லை, வருத்தம் வந்துவிட்டது. அப்பா அம்மா இறந்ததை வேறோரிடத்தில் கதைசொல்லியே நேராகச் சொல்லிவிடலாம். அதில் தவறே இல்லை.

தமிழில் எழுதும்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கதைசொல்லல் எழுத்து வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் இருந்தால் அந்த எல்லையைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். கோபம் வந்ததும் பாத்திரங்கள் மேடைத் தமிழுக்குத் தாவுவது முதல் வரைவுகளில் மிகச் சாதாரணம். பேச்சுச் சொற்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. ‘போயிட்டு’, ‘போய்ட்டு’, ‘இல்ல’, ‘இல்லே’ ஆகியவற்றில் எதை எடுத்தாலும் சரி, எடுத்ததையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் வேறு மாதிரி உச்சரிக்கிறது என்பதற்காக மாற்றினால் அது குணம். கவனக்குறைவால் மாறினால் பிழை.

நீ, நீங்க என்ற விளிப்பு எங்காவது தவறிப்போயிருக்கிறதா என்று உரையாடல்களை மட்டும் தனியே ஒருமுறை பாருங்கள். இது சரிபார்க்க வேண்டிய விஷயம் மட்டுமல்ல, பெரிய கருவியும்கூட. கதை முழுக்க அண்ணனை ‘நீ’ என்று உரிமையோடு பேசிய மாலதி, கடைசியில் “நீங்க வித்துக்கோங்க. நான் கையெழுத்துப் போடலை” என்றால், அந்த ‘நீங்க’ என்ற ஒரு சொல்லில் அண்ணன் அந்நியனாகிவிடுகிறான். விளக்கம் எதுவும் வேண்டாம். ஆனால் முன்னால் எங்காவது கவனக்குறைவாக ஒரு ‘நீங்க’ விழுந்திருந்தால் இந்த இடம் வேலை செய்யாது.

‘என்றான்’ அலுப்பூட்டுகிறது என்று ‘முழங்கினான்’, ‘பகர்ந்தான்’, ‘கர்ஜித்தான்’ என்று மாற்றாதீர்கள். ‘என்றான்’ கண்ணில் படாமல் நழுவிப்போகும். அதுவே அதன் சிறப்பு. இருவர் மட்டும் பேசும் இடத்தில் அதையும்கூடப் பாதிக்குப் பாதி எடுத்துவிடலாம்.

அறிகுறி: “யார் இந்த ‘அவன்’?” என்று வாசகர் கேட்கிறார்

வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுத முடியும். இருவர் ஒரே பாலாக இருக்கும்போது இந்த வசதியே குழப்பமாகிவிடும். ‘சுந்தரம் ராகவனிடம் அவன் பேனாவைக் கொடுத்தான்’ என்றால் பேனா யாருடையது? சுந்தரத்தினுடையது என்றால் ‘தன் பேனாவை’ என்று எழுதினால் முடிந்தது. ‘தன்’, ‘தனக்கு’, ‘தன்னை’ ஆகியவற்றை இப்போது பலர் மறந்து எல்லா இடத்திலும் ‘அவன்’ போடுகிறார்கள். திருத்தும்போது அவற்றை மீட்டெடுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் பெயரையே திரும்ப எழுதுங்கள். பெயர் அடிக்கடி வருவதால் எந்த வாசகரும் புத்தகத்தை மூடுவதில்லை. ஆள் தெரியாமல்தான் மூடுகிறார்.

இதன் இன்னொரு வடிவம், பார்வை மாறுவது. மாலதியின் மனத்துக்குள் இருந்து ஒரு காட்சியைச் சொல்கிறோம். நடுவில், ‘அவள் முகம் சிவந்திருந்தது’ என்று எழுதுகிறோம். தன் முகம் சிவந்ததை அவள் எப்படிப் பார்த்தாள்? ‘முகம் காந்தியது’ என்றால் அவளுக்கு உள்ளே இருக்கிறோம். அடுத்த வரியில் ‘சுந்தரத்துக்கு எரிச்சலாக இருந்தது’ என்று வந்தால் அவன் தலைக்குள் தாவிவிட்டோம். ‘சுந்தரம் சாவிக்கொத்தை மேசையில் போட்டான்’ என்று எழுதினால், அவள் பார்க்கவும் கேட்கவும் கூடியதாகிவிடும், எரிச்சலும் தெரிந்துவிடும்.

வருவது, போவது ஆகிய இரண்டு வினைகளையும் தனியே தேடிப் பாருங்கள். ‘மாலதி அறைக்குள் வந்தாள்’ என்றால் நாம் அறைக்குள் இருந்து பார்க்கிறோம். ‘போனாள்’ என்றால் வெளியே நிற்கிறோம். ஒரு காட்சியில் இவை கலந்து கிடந்தால், வாசகருக்குக் காரணம் தெரியாமலே காட்சி கலங்கித் தெரியும். காலமும் அப்படித்தான். ‘பார்த்தாள்’, ‘நடக்கிறாள்’, ‘சிரித்தாள்’ என்று இறந்தகாலமும் நிகழ்காலமும் மாறி மாறி வந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒழுங்குபடுத்துங்கள்.

அறிகுறி: வாக்கியங்கள் தட்டையாக ஒலிக்கின்றன

வினைமுற்றில் முடிவது தமிழ் வாக்கியத்தின் இயல்பு. அதனால் ஒரு பத்தி முழுக்க ஒரே ஆளின் செயல்கள் வந்தால் ‘ஆள், ஆள், ஆள்’ என்று முட்டிக்கொண்டே போகும்:

‘மாலதி கதவைத் திறந்தாள். உள்ளே நுழைந்தாள். சன்னலைத் தேடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். வெளியே பார்த்தாள்.’

வினையெச்சத்தால் இரண்டு மூன்றைக் கோக்கலாம். எழுவாயைப் பொருளுக்கு மாற்றலாம். வினையில்லாமல் பெயரிலேயே ஒன்றை நிறுத்தலாம்:

‘மாலதி கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள். அடைத்துக் கிடந்த காற்று. சன்னலின் தாழ்ப்பாள் இழுக்க இழுக்க அசையவில்லை.’

எச்சங்களை அளவோடு கோர்க்க வேண்டும். திறந்து, நுழைந்து, தேடி, இழுத்து, பார்த்து என்று ஐந்தையும் கட்டினால் மூச்சு முட்டும். வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே உடையுங்கள்.

பிறகு சில சொற்களைத் தேடி எண்ணிப் பாருங்கள். முதலாவது ‘கொண்டிருந்த’. ‘நின்றுகொண்டிருந்தாள்’, ‘பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்பவற்றில் பெரும்பாலானவை ‘நின்றாள்’, ‘பார்த்தாள்’ என்றாலே போதும். ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போது மற்றொன்று குறுக்கிட்டால் மட்டும் அந்த நீளம் தேவை. இரண்டாவது ‘ஒரு’. ‘அது ஒரு மாலை நேரம். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்’ என்பதில் இரண்டையும் எடுத்துவிட்டால் எதுவும் குறைவதில்லை. மூன்றாவது ‘ப்பட்ட’. ‘கதவு அவளால் திறக்கப்பட்டது’ என்று எந்தத் தமிழ்க் கதையிலும் இருக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

தேடலில் ஒரு நுணுக்கம். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறி ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களின் தேடலுக்கு அவை வேறு வேறு. கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடல் காணவில்லை என்று சொன்னால், ‘ண்டிருந்த’ என்று அந்த எழுத்து இல்லாத பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுங்கள்.

அறிகுறி: உருக வேண்டிய இடம் உருக்கவில்லை

‘துக்கம் தொண்டையை அடைத்தது. கண்களில் நீர் ததும்பியது. இதயம் நொறுங்கியது.’ மூன்று வாக்கியம், மூன்றும் ஏற்கெனவே பலர் எழுதித் தேய்ந்தவை. மாலதிக்கு மட்டுமே சொந்தமான எதுவும் அவற்றில் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு மட்டும் நடக்கக்கூடியது எது என்று யோசியுங்கள்:

‘இருட்டில் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. தடவ வேண்டியிருக்கவில்லை. அழுத்தினாள். அழுத்திய பிறகுதான், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதாக அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது.’

உணர்ச்சியின் பெயர் இல்லை, கண்ணீர் இல்லை. அந்தக் கை வாசகரைத் தொடும் என்று நம்புகிறேன். பட்டியலில் கேள்விக்குறி போட்டிருந்தோமே, அந்தக் காட்சிக்கான தொடக்கமும் இதுவே.

எல்லாவற்றையும் இப்படிக் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ‘மூன்று வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடக்க வேண்டியதை மூன்று காட்சியாக்கினால் கதை வீங்கும். வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டுங்கள். தாண்ட வேண்டிய இடத்தைச் சொல்லுங்கள்.

அறிகுறி: சின்னச் சின்ன முரண்கள், எழுத்துப்பிழைகள்

கடைசிச் சுற்றில் பாருங்கள். பாத்திரங்களின் வயது, கிழமை, பொழுது, கையில் இருக்கும் பொருள் ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு சரிபார்த்தால் போதும். சாவி மாலதியிடம் இருக்கும்போது சுந்தரம் கதவைத் திறக்க முடியாது.

ஒற்று சிலருக்குச் சின்ன விஷயம். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. எல்லா விதிகளும் நினைவில் இல்லாவிட்டாலும் அடிக்கடி வரும் சிலவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். க, ச, த, ப எழுத்துகளில் தொடங்கும் சொல் அடுத்து வரும்போது, ‘அந்த’, ‘இந்த’, ‘எந்த’, ‘அப்படி’, ‘இப்படி’ ஆகியவற்றுக்குப் பின்னும், ‘ஐ’, ‘கு’ என்னும் வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக நிற்கும் சொற்களுக்குப் பின்னும் வல்லினம் மிகும்: அந்தக் கதவு, கதவைத் திறந்தாள், வீட்டுக்குப் போனாள். ‘அது’, ‘இது’ என்பவற்றுக்குப் பின்னும், ‘வந்த’, ‘பார்த்த’ போன்ற பெயரெச்சங்களுக்குப் பின்னும் மிகாது: அது பெரிது, வந்த பெண்.

அறிகுறி: படித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

ஒருவர் முடிவை மாற்றச் சொல்கிறார், ஒருவர் அண்ணி வேண்டாம் என்கிறார், இன்னொருவர் கதை நீளம் என்கிறார். அவர்கள் சொல்லும் தீர்வுகளை ஒதுக்கிவிட்டு, எந்தப் பக்கத்தில் அவர்களுக்கு அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். மூவரும் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டு ஒரே பக்கத்தைக் காட்டினால் அங்கே, அல்லது அதற்குச் சற்று முன்னால், கோளாறு நிச்சயம். தடுக்கிய இடத்தைச் சொல்வதில் வாசகர் தவறுவது அரிது. தடுக்கியதற்குக் காரணம் சொல்வதில் அடிக்கடி தவறுவார். அதைக் கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை.

“எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். “எங்கே வேகமாகத் தள்ளிக்கொண்டு படிச்சீங்க?”, “எந்த இடத்தை ரெண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தது?”, “மாலதி ஏன் கையெழுத்துப் போடலைன்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் உங்கள் மனத்தில் இருந்ததோடு ஒத்துப்போகாவிட்டாலும் பதற வேண்டாம். பதிலே வராவிட்டால்தான் திரும்ப உட்கார வேண்டும்.

அறிகுறி: திருத்தத் திருத்த மோசமாகிறது

நேற்று எடுத்த சொல்லை இன்று திரும்பப் போடுகிறீர்கள் என்றால் அந்தச் சுற்று முடிந்துவிட்டது. முதலில் சேமித்த நகலை எடுத்து, இப்போதுள்ளதோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். எந்தப் பக்கத்தில் பழையது உயிரோடு இருக்கிறதோ அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் திரும்ப வையுங்கள். வழக்கத்துக்கு மாறான சொல், சற்றே கோணலான வாக்கியம், தேவைக்கு மேல் ஒரு நொடி நீளும் மௌனம் ஆகியவைதான் இப்படிச் சமன்செய்யும்போது முதலில் காணாமல் போகும். அவை உங்கள் குரல். அவற்றைப் பிழைகளோடு சேர்த்துக் களைந்துவிடக் கூடாது.

அறிகுறி: முதல் வரைவே முடிய மாட்டேன் என்கிறது

எழுதும்போதே ஒவ்வொரு வரியையும் திருத்தத் தோன்றுவது இதன் காரணம். இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அந்த நேரத்துக்கு உரியதல்ல. உறுத்தும் இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு, ‘அண்ணி இங்கே ஏதோ சொல்ல வேண்டும்’ என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள். கடைசி வரி எழுதப்படும்வரை எந்த அடைப்புக்குறியையும் திறக்காதீர்கள். முடிவு தெரிந்த பிறகு, அவற்றில் பலவற்றில் என்ன வர வேண்டும் என்பது தானாகத் தெரியும். சில காட்சிகளோ கதைக்கே தேவையில்லை என்று தெரியும்.